இருட்டின் தயவில் இருபத்து நான்கு

என் தங்கையின் மகன் சென்ற ஆவணியில் புதுமனை புகுந்தபோது, கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொள்ளும்படியான ஒரு டிவியை வாங்கி மாட்டி, அதன் மகிமையை எனக்குக் காட்ட வேண்டும் என்ற ஆவலினால், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடக்கூட அவகாசம் தராமல் என்னை அதன் முன்னே கொண்டுபோய் அமர்த்தினான். ஏதோ ஒரு சரித்திரப் படம் ஓடியது. இருண்ட மண்டபம் ஒன்றில் குத்துவிளக்கு எரிய, அந்தச் சுடரைப் பார்த்த மாத்திரத்தில் நிஜ விளக்கைக் கண்டாற்போல் என் கண் சற்றே சுருங்கிற்று. பக்கத்திலிருந்த பித்தளைக் குடத்தின் தோளில் கடுகளவு வெளிச்சம் தெறித்து நின்றது. அதே சமயத்தில் மண்டபத்தின் மூலையில் கிடந்த கரிய நிழலுக்குள்ளே ஒரு கற்சிற்பத்தின் முழங்கால் வளைவும் தெளிவாகத் தெரிந்தது. "இதுதான் மாமா எச்.டி.ஆர்." என்றான் பையன்.

அடுத்த காட்சியில் காமிரா தூண் வரிசையை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்தது. தூண்கள் வழுக்கிச் செல்லவில்லை; ஈரத் தரையில் குருவி தத்துவதுபோலத் தத்தித் தத்திச் சென்றன. "இதுதான் எனக்குப் புரியவில்லை மாமா. டிவியில் ஏதாவது கோளாறா? மோஷன் என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் தத்தல் போய்விடும் என்றார்கள். போட்டேன். படம் சீரியல் மாதிரி ஆகிவிட்டது!" என்று அவன் முறையிட்டான். டிவியில் கோளாறு ஏதும் இல்லை என்று அப்போது சொல்லி வைத்தேனே தவிர, விளக்குச் சுடர் அத்தனை பிரகாசமாக இருப்பதுதான் தூண்கள் தத்துவதற்குக் காரணம் என்பதை வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் விளக்கிவிட என்னால் இயலவில்லை.

விஷயத்தை வெளிச்சத்திலிருந்தே தொடங்கலாம். சித்திரை மாதத்து உச்சிவேளையில் வாசலில் உலரும் வெள்ளை வேட்டியையும், திண்ணையைத் தாண்டி ரேழி மூலையில் சாத்தியிருக்கும் கரிய குடையையும் ஒரே பார்வையில் பார்க்கிறோம். இதில் வியப்படைய ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் அதே இடத்தில் ஒரு சாதாரணக் காமிராவை வைத்துப் படம் எடுத்தால், வேட்டி சரியாக விழுந்த படத்தில் ரேழி வெறும் கரிப்புகையாகிவிடும். ரேழி சரியாக விழுந்த படத்தில் வாசல் முழுவதும் சுண்ணாம்பு கொட்டினாற்போல் வெளிறிப் போய்விடும். ஒளியின் உச்சத்தையும் நீசத்தையும் ஒருங்கே பிடித்து வைக்கும் சக்தி காமிராவுக்கும், பிடித்ததைத் திரும்பக் காட்டும் சக்தி திரைக்கும், நம் நேத்திரத்துக்கு இருக்கும் அளவுக்கு வெகுகாலமாக வாய்த்ததில்லை. உச்சத்துக்கும் நீசத்துக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை அகலப்படுத்தும் முயற்சிதான் எச்.டி.ஆர். என்ற மூன்றெழுத்துக்குள் அடங்கியிருப்பது.

ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்க நிட் என்று ஓர் அலகு வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மெழுகுவர்த்தியின் ஒளி என்பது அதன் பூர்வீகப் பொருள். பகல் வெயிலில் கிடக்கும் வெள்ளைக் காகிதம் ஏறக்குறைய 25,000 நிட் பிரகாசம் உடையது. அதே காகிதத்தைப் பௌர்ணமி இரவில் நிலா வெளிச்சத்தில் வைத்தால், ஒரு நிட்டில் இருபதில் ஒரு பங்குதான் தேறும். இரண்டுக்கும் ஐந்து லட்சம் மடங்கு வித்தியாசம் இருக்கிறது. ஆயினும் இரண்டு வேளையிலும் அது வெள்ளைக் காகிதம் என்று நாம் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். கண்ணின் பாவை சுருங்கி விரிவதனால் இது நிகழ்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். பாவை இரண்டு மில்லிமீட்டரிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரைதான் விரியும். அதன் பரப்பு பெருகுவது பதினாறு மடங்கே. மிச்சமுள்ள பெரும் வேலையைச் செய்வது விழித்திரையும், அதன் கூம்புச் செல்களும் கோல் செல்களும், அவற்றிலுள்ள நிறமிகள் வெளுத்து மீண்டும் ஊறும் மெதுவான ரசாயனமும் ஆகும். வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவன் பூரண இருட்டுப் பார்வையைப் பெறுவதற்கு அரைமணிக்கு மேலும் ஆகிறது.

இவ்வளவு விரிந்த உலகத்தை எதிரே வைத்துக்கொண்டு, சினிமாக் கொட்டகையின் திரை எத்தனை பிரகாசமானது என்று கேட்டால் விடை நம்மைத் திடுக்கிட வைக்கும்: 48 நிட். திரையில் தோன்றும் மிக வெண்மையான வெண்மைக்கு, அதாவது கதாநாயகியின் பட்டுப் புடவையில் தெறிக்கும் ஒளிக்கும் பாலைவனத்து நடுப்பகலுக்கும், விதிக்கப்பட்டிருக்கும் எல்லை அது. வெயிலில் கிடக்கும் காகிதத்தின் ஐந்நூறில் ஒரு பங்குதான். நூறாண்டு காலமாகக் கோடானுகோடி ஜனங்கள் அந்த மங்கிய துணியைப் பார்த்து, "என்ன வெயில்!" என்று மனத்துக்குள் வியர்த்தார்கள் என்றால், அதற்குக் காரணம் கொட்டகையின் இருட்டு. கண் அளவை எடைபோடுவதில்லை, விகிதத்தை எடைபோடுகிறது. சுற்றிலும் அந்தகாரம் சூழ்ந்திருக்கையில் நாற்பத்தெட்டு நிட்டே சூரியனாகிவிடுகிறது.

ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பளிச்சென்ற சுவரும் அதற்குமேல் பளிச்சென்ற சூரியனும் ஒரே காட்சியில் வரும்போது இரண்டும் ஒரே நாற்பத்தெட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். விளக்குச் சுடரும் அதன் பின்னாலுள்ள வெள்ளைச் சுவரும் ஒரே வெண்மையாகிவிடும். கறுப்போ உண்மையான கறுப்பன்று. சாதாரண டிஜிட்டல் புரொஜெக்டரில் உச்ச வெண்மைக்கும் அடிக் கறுப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 2,000-க்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். ஆகவே திரையில் இரவு வரும்போது ஒரு சாம்பல் நிறப் படலம் எழுந்து நிற்பதைக் கவனித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் தொடங்கிய டால்பி சினிமா அரங்குகளில் இந்தக் கறுப்பைத்தான் முதலில் காட்டிப் பெருமை கொள்வார்கள். அவர்களுடைய லேசர் புரொஜெக்டரின் உச்சப் பிரகாசம் சுமார் 108 நிட்தான். பழைய அளவைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் திரை கறுக்கும்போது அதன் விளிம்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படாமல் போகிறது. அந்த விகிதத்தைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்று அவர்கள் சொல்கிறார்கள். எச்.டி.ஆர். என்றால் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே ஒரு நாழிகை உட்கார்ந்து எழுந்தால், அதன் பாதி லட்சணம் நீசத்தில் இருப்பதை உணர்வார்கள்.

வீட்டு டிவியின் வியவகாரம் வேறு. அங்கே இருட்டு இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, டியூப் லைட் எரிகிறது, சமையலறையிலிருந்து வெளிச்சம் விழுகிறது. ஆகவே பிரகாசத்தால்தான் அது ஜெயிக்க வேண்டும். பழைய படக்குழாய் டிவிகளை மனத்தில் வைத்து ஏற்பட்ட அளவு சுமார் 100 நிட், இன்றைய எச்.டி.ஆர். டிவிகள் ஆயிரத்தையும் தாண்டுகின்றன. அத்தனை நீண்ட ஏணியில் படிகளை எப்படி அமைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பத்து அகல் விளக்கு எரியும் அறையில் பதினோராவது விளக்கை ஏற்றினால் உடனே தெரியும்; ஆயிரம் விளக்கு எரியும் தீபோற்சவத்தில் ஒன்றை அதிகமாக ஏற்றினால் ஏற்றியவருக்கே தெரியாது. ஜெர்மானியரான வேபரும், அவர் வழியைப் பின்பற்றி 1860-ல் ஒரு பெரிய நூலை எழுதிய ஃபெக்னரும் கண்டு சொன்ன உண்மை இது. இருட்டில் படிகள் நெருக்கமாகவும், வெளிச்சத்தில் எட்ட எட்டவும் இருந்தால் போதும். அப்படியின்றிச் சமமாக வைத்தால், மாலை வானத்தின் நிறம் இழைந்து மாற வேண்டிய இடத்தில் ஜமக்காளத்துக் கோடுகள்போலப் பட்டை பட்டையாக எழும். பீட்டர் பார்ட்டன் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் வகுத்த கண்ணின் உணர்திறன் கணக்கை ஆதாரமாகக் கொண்டு, டால்பி நிறுவனத்தார் பூஜ்யத்திலிருந்து 10,000 நிட் வரை ஓர் ஏணியை அமைத்தார்கள். ஒவ்வொரு படியும் கண்ணுக்குப் புலப்படும் வித்தியாசத்தின் விளிம்பை ஒட்டியே இருக்கும்படி அமைந்த அந்த ஏணி 2014-ல் சர்வதேச அளவில் பிரமாணமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீட்டுக்கு வரும் படங்களில் பெரும்பாலும் 1,024 படிகள். இன்னும் நுட்பமான முறையில் 4,096.

பத்தாயிரம் வரை ஏணி இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவது அறிவீனம். நல்ல கலைஞர் ஒருவர் எச்.டி.ஆரில் வண்ணம் கூட்டும்போது, முகமும் சுவரும் துணியும் பழைய உயரத்திலேயே நிற்கும். சுடருக்கும், குடத்தின் தோளில் உள்ள கடுகளவு ஒளிக்கும், கண்ணீர்த் துளியின் மினுக்குக்கும் மட்டும் மேல்படி கொடுக்கப்படும். நகையை உடம்பெங்கும் பூட்டினால் அழகு கூடாது என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதானே.

இதுவரை வெளிச்சம். இனித் தத்தலுக்கு வருவோம். அதற்குப் பழைய கொட்டகையின் ஆபரேட்டர் கேபினுக்குள் ஒரு முறை நுழைந்து பார்க்க வேண்டும். பதினோரு வயதில் நான் நுழைந்திருக்கிறேன். கார்பன் குச்சிகள் எரியும் நெடியும், எண்ணெய் மணமும், ஓயாத கடகடப்பும் நிறைந்த அந்த அறையில், ஆபரேட்டர் தகரக் கதவைத் திறந்து காட்டியபோது, பிலிம் ஆறுபோல் ஓடிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்த நான் ஏமாந்தேன். மேலேயும் கீழேயும் அது ஓடிற்று. நடுவில், ஒளி பாயும் ஜன்னலண்டை, நின்று நின்று குதித்தது. நான்கு வெட்டுடைய சிலுவை போன்ற ஒரு சிறு சக்கரம், தன்னோடு இணைந்த தட்டின் ஒரு முளை வந்து தொடும்போதெல்லாம் கால் சுற்றுச் சுழன்று, பிலிமை ஒரு பிரேம் அளவு, அதாவது பத்தொன்பது மில்லிமீட்டர், இழுத்துவிட்டு அசையாமல் நின்றுவிடும். இழுக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும் காலம் நொடியில் தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. அந்த இழுப்பு திரையில் தெரியாதபடி ஷட்டரின் தகடு ஒன்று குறுக்கே வந்து ஒளியை மறைக்கும். இதோடு விடாமல், பிரேம் அசையாது நிற்கும்போதும் இன்னொரு தகடு காரணமின்றி வந்து ஒரு முறை மறைத்துவிட்டுப் போகும். காரணமின்றி என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. நொடிக்கு 24 பிரேம் என்றால் 24 மினுக்கல். அது கண்ணைக் குத்தும். ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை காட்டினால் 48 மினுக்கலாகிவிடும். அப்போது மங்கிய திரையில் மினுக்கல் கரைந்து ஒரே சீரான ஒளியாகிவிடும். அந்த இரண்டாவது தகடு செய்த யுக்தி இதுவே. மூன்று மணி நேரப் படத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் திரையில் யாதொன்றும் இராது, ஜனங்கள் கும்மிருட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும், அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள் என்பதும் ஆபரேட்டர் எனக்குச் சொன்ன ரகசியங்கள்.

இந்த இருபத்து நான்கு எந்தச் சாஸ்திரத்திலும் பிறந்ததன்று. ஊமைப் படக் காலத்தில் காமிராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு என்று ஒரு சம்பிரதாயம் இருந்தாலும், சுற்றுகிறவன் கையின் வேகத்தையும் கொட்டகைக்காரரின் அவசரத்தையும் பொறுத்து அது ஏறியிறங்கும். பிலிமில் ஒலி சேர்ந்தபோது ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லாமல் போயிற்று; வேகம் சற்றுக் குறைந்தாலும் பாட்டு அபஸ்வரமாகிவிடும். 1920-களின் நடுவில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளரான ஸ்டான்லி வாட்கின்ஸ், நல்ல கொட்டகைகளில் உண்மையில் என்ன வேகத்தில் படம் ஓடுகிறது என்று விசாரித்தறிந்து, நிமிஷத்துக்குத் தொண்ணூறு அடி என்ற முழு எண்ணில் முடிவு செய்தார். நொடிக்கு ஒன்றரை அடி, அடிக்குப் பதினாறு பிரேம். பெருக்கினால் இருபத்து நான்கு. பிலிமுக்கு ஆகும் செலவும், ஒலியின் சுத்தமும், அன்றைய நடைமுறையும் கூடிச் செய்த ஒரு பஞ்சாயத்துத் தீர்ப்பு என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். எடிசனின் கூடத்தில் அதற்கு முப்பது வருஷம் முன்பே நொடிக்கு நாற்பது பிரேம் வரையிலும்கூட ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால், வேகத்தின் அருமை ஆதியிலேயே தெரிந்திருந்தும், காசு அதை அடக்கி வைத்தது என்பது விளங்கும்.

அசையாப் படங்கள் அசைவதாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒரு படத்தின் சாயல் விழித்திரையில் தங்கி நிற்பதுதான் என்று இன்றும் பல புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். சாயல் தங்கினால் படத்தின்மேல் படம் ஏறிக் குழம்புமேயன்றி அசைவு பிறக்காது. மாக்ஸ் வெர்த்தைமர் 1912-ல் எழுதிய ஆய்வுக்குப் பிறகு, இரண்டு நிலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அசைவாக நிரப்பிக்கொள்வது கண்ணுக்குப் பின்னாலுள்ள மூளையின் சிருஷ்டி என்று தெரியவந்தது. இந்தப் பிரமைக்கு மூளை சில நிபந்தனைகளை விதிக்கிறது. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே பொருள் வெகுதூரம் தாண்டக் கூடாது. தாண்டினால் விளிம்பு சற்றே கலங்கியாவது இருக்க வேண்டும். இதற்காகவே காமிராவில் ஒவ்வொரு பிரேமையும் நொடியில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்து, ஓடும் பொருளைச் சிறிது தீற்றிவிடுகிறார்கள். காமிராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிட விரைந்தால் தத்தல் தலைகாட்டும்.

இனி அந்த இரண்டு கதைகளும் சந்திக்கும் இடத்துக்கு வருகிறேன். 1892-ல் ஃபெர்ரி என்பவரும், பத்து வருஷம் கழித்துப் போர்ட்டர் என்பவரும் சுழலும் தட்டுக்களை வைத்து ஆராய்ந்து ஒரு நியதியைக் கண்டார்கள்: மினுக்கும் ஒளி எவ்வளவு பிரகாசமானதோ, அது சீரான ஒளியாகக் கரைவதற்கு அவ்வளவு அதிக வேகம் தேவைப்படும். பிரகாசம் பத்து மடங்காகும்போதெல்லாம், கரைவதற்கு நொடிக்கு ஏறக்குறைய பத்தோ அதற்குச் சற்று மேலோ மினுக்கல்கள் கூடுதலாக வேண்டியிருக்கின்றன. பிரகாசமான ஒளியில் விழித்திரை சுறுசுறுப்படைந்து, மங்கலில் கவனியாமல் விட்ட சின்னஞ்சிறு இடைவெளிகளையும் எண்ணத் தொடங்கிவிடுகிறது என்று சொல்லலாம். கடைக்கண் இன்னும் கூர்மையானது. பழைய படக்குழாய் டிவியை நேரே பார்க்கையில் சாந்தமாகவும், ஓரக்கண்ணால் பார்க்கையில் துடிப்பாகவும் தோன்றியது பலருக்கு நினைவிருக்கும்.

ஆக, இருபத்து நான்கு பிரேமும் நாற்பத்தெட்டு நிட்டும் ஒன்றுக்கொன்று ஜாமீன் கொடுத்து நின்றவை. கொட்டகை இருட்டாயிருந்தது, திரை மங்கலாயிருந்தது, ஆகவே கண் சோம்பியிருந்தது, ஆகவே நொடிக்கு இருபத்து நான்கு போதுமானதாயிருந்தது. நாற்பத்தெட்டு நிட், நாற்பத்தெட்டு மினுக்கல், நாற்பத்தெட்டில் ஒரு பங்கு நேரம் என்று ஒரே எண் மூன்றிடத்தில் வருவது தற்செயல்தான் என்றாலும், நாற்பத்தெட்டு நாளை ஒரு மண்டலமாக எண்ணிப் பழகிய நமக்கு அதைப் பார்த்ததும் ஒரு புன்னகை வரத்தான் செய்கிறது. இப்போது திரையின் பிரகாசத்தை இருபது மடங்காக உயர்த்துங்கள். ஷட்டர் இல்லாத இன்றைய டிவியில் பழைய மாதிரி இருட்டு மினுக்கல் வராது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிரேமும் அடுத்தது வரும்வரை அசையாமல் நின்று, பிறகு ஒரே தாவலாகத் தாவும். மங்கலில் கண் மன்னித்த அந்தத் தாவலைப் பிரகாசத்தில் அது மன்னிப்பதில்லை. தூணின் விளிம்பு எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு தத்தல். பழைய எல்.சி.டி. திரைகள் ஒரு பிரேமிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, தங்கள் மந்தத்தாலேயே தத்தலைப் பூசி மறைத்தன, ஓ.எல்.இ.டி. திரைகளோ கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாமல் மாறிவிடுகின்றன. என் தங்கை மகன் அதிகப் பணம் கொடுத்து நல்ல டிவி வாங்கினான். அதனால்தான் அது தத்துகிறது.

அப்படியானால் பிரேம்களை அதிகமாக்கினால் என்ன? அந்த யோசனை பழையது. 1955-ல் வெளிவந்த 'ஓக்லஹோமா!' என்ற அமெரிக்க இசைப் படத்தை டாட்-ஏஓ என்ற அகலத்திரை முறையில் நொடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்தார்கள்; பெரிய, வளைந்த, பிரகாசமான திரையில் மினுக்கல் உறுத்தாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். மற்றக் கொட்டகைகளில் முப்பது ஓடாதாகையால் அதே படத்தை இருபத்து நான்கிலும் இரண்டாம் முறை எடுத்தார்கள் என்றால் அந்தத் தயாரிப்பாளர்களின் மனவுறுதியை மெச்ச வேண்டும். தந்திரக் காட்சி நிபுணரான டக்ளஸ் டிரம்புல் அகலப் பிலிமில் நொடிக்கு 60 பிரேம் ஓடும் ஷோஸ்கேன் முறையை உண்டாக்கினார். அதில் ஒரு முழுநீளக் கதைப்படம் எடுத்துவிட வேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறவில்லை.

2012 டிசம்பரில் பீட்டர் ஜாக்சன் 'தி ஹாபிட்' முதல் பாகத்தை நொடிக்கு 48 பிரேமில் வெளியிட்டபோதுதான் உலகம் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசிற்று. அசைவு கண்ணாடிபோல் தெளிவாயிருந்தது. முப்பரிமாணம் கண்ணை நோகச் செய்யவில்லை. காமிரா குகைக்குள் பாய்ந்தபோது ஒரு தூண்கூடத் தத்தவில்லை. இருந்தும் பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். குள்ளர்களின் தாடி ஒட்டுத் தாடியாகத் தெரிகிறது என்றார்கள். பாறை அட்டைப் பாறையாகத் தெரிகிறது என்றார்கள். நடிகர்கள் நடிக்கிறார்கள் என்பது தெரிகிறது என்றார்கள். நான்கு ஆண்டு கழித்து ஆங் லீ 'பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்' படத்தை 120 பிரேமில் எடுத்தபோது, முகப்பூச்சு உடனே காட்டிக் கொடுத்துவிடும் என்று அஞ்சி நடிகர்களுக்கு ஏறக்குறைய அரிதாரமே இல்லாமல் படமாக்கினார். அந்தப் படத்தை அதன் முழு லட்சணத்தோடு காட்டக்கூடிய அரங்குகள் அப்போது உலகிலேயே ஐந்துதான் இருந்தன.

இந்த முகச்சுளிப்புக்குப் பழக்கதோஷமே காரணம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. நம் நாட்டில் வீடியோக் காமிராவில் பிடித்த தூரதர்ஷன் நாடகங்களும் பின்னாளைய மெகா சீரியல்களும் நொடிக்கு ஐம்பது அரைப் பிரேம்களாக, அதாவது ஐம்பது வேறுவேறு கணங்களாக, நம் கூடத்துக்கு வந்தன. சினிமாவோ அதே டிவியில் இருபத்தைந்து கணங்களாகத்தான் வந்தது. (இருபத்து நான்கில் எடுத்ததை இருபத்தைந்தில் ஓட்டியதால், 144 நிமிஷப் படம் 138 நிமிஷத்தில் முடிந்து, பாட்டும் சுருதி சற்று ஏறி ஒலித்தது என்பது தனிக்கதை.) இவ்விதமாக, வழவழப்பான அசைவு என்றால் மாமியார் மருமகள் சண்டை, சற்றே விட்டுவிட்டு வரும் அசைவு என்றால் சினிமா என்று இரண்டு தலைமுறையின் மூளை, எழுதாத பாடமாகப் படித்துவிட்டது. அமெரிக்கர்களுக்கும் இதே கதிதான். அவர்களுடைய சீரியல்களைச் சோப்புக் கம்பெனிகள் நடத்தியதால், அங்கே இதற்குச் சோப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆனால் பழக்கம் மட்டுமே காரணமாயிருந்தால், எச்.டி.ஆரையும் ஜனங்கள் அப்படியே வெறுத்திருக்க வேண்டும், அதுவும் புதிதுதானே? அதை எல்லாரும் வந்த அன்றே கைகொட்டி ஏற்றுக்கொண்டார்கள். என் அபிப்பிராயத்தில், வெளிச்சம் அதிகமாகும்போது காட்சிப் பொருள் தத்ரூபமாகிறது. பிரேம் அதிகமாகும்போது காட்சி எடுக்கப்பட்ட இடம் தத்ரூபமாகிறது. முன்னதில் விளக்கு நிஜ விளக்காகிறது. பின்னதில் ராஜா, ராஜா வேஷம் கட்டிய ஒரு மனிதராகிவிடுகிறார். தெருக்கூத்தில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் துரியோதனனாக நின்றவரை மறுநாள் காலையில் டீக்கடையில் பார்ப்பது போன்ற ஒரு சங்கடம் இது. கிரிக்கெட் ஆட்டத்துக்கு அறுபது பிரேம் கொடுத்தால் எவரும் குறைசொல்வதில்லை என்பதையும் இங்கே யோசித்துப் பார்க்கலாம். அங்கே யாரும் வேஷம் கட்டியிருப்பதில்லை.

ஜேம்ஸ் கேமரூன் 2022 டிசம்பரில் வெளியிட்ட 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' படத்தில் ஒரு சமரசம் செய்தார். படம் முழுவதும் 48-ல் ஓடும். ஆனால் வசனக் காட்சிகளில் ஒவ்வொரு பிரேமையும் இரண்டு முறை காட்டி இருபத்து நான்காக்கிவிட்டு, நீருக்கடியிலும் ஆகாயத்திலும் நிகழும் காட்சிகளுக்கு மட்டும் முழு நாற்பத்தெட்டையும் அவிழ்த்துவிட்டார். சில இடங்களில் ஒரு வேகத்திலிருந்து மறுவேகத்துக்குத் தாவும்போது வண்டிச் சக்கரம் மேட்டில் ஏறியிறங்கியது போன்ற உணர்ச்சி ஏற்படுகிறது. நீருக்குள்ளே என்னவோ அது அற்புதமாகவே இருக்கிறது. அட்டைப் பாறை என்ற எண்ணம் அங்கே எழுவதற்கில்லை.

டிவியிலுள்ள மோஷன் வசதியை இவற்றோடு சேர்த்துப் பேசுவது நியாயமன்று. 'ஹாபிட்' படத்தின் நாற்பத்தெட்டும் காமிரா கண்ட நாற்பத்தெட்டு. டிவியோ இரண்டு பிரேமை வைத்துக்கொண்டு, நடுவில் இன்னது நடந்திருக்கும் என்று ஊகித்து இல்லாத பிரேம்களைத் தானே வரைந்து செருகுகிறது. ஊகம் பெரும்பாலும் பலிக்கும். ஒருவர் தூணுக்குப் பின்னால் சட்டென்று மறையும்போது பலிக்காமல், அவருடைய தோளைச் சுற்றிப் பாகுபோல் ஒரு கலங்கல் ஒட்டிக்கொண்டு வரும். நடிகர் டாம் குரூஸ் 2018-ல் ஒரு வீடியோவில் தோன்றி, இந்த வசதியை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். மறு வருஷமே டிவி உற்பத்தியாளர்களும் படத்துறையினரும் கூடி, இத்தகைய சேஷ்டைகள் எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அணைக்கும் ஃபிலிம்மேக்கர் மோட் என்ற ஏற்பாட்டை அறிவித்தார்கள்.

இதையெல்லாம் ஒருவாறு எண்ணிப் பார்த்துக்கொண்டு, தீபாவளிக்கு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனபோது பையனிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, டியூப் லைட்டை அணைத்து, மோஷனை நீக்கி, எச்.டி.ஆர். அல்லாத சாதாரணப் பிரதியைப் போட்டு, டிவியின் பிரகாசத்தைக் கொட்டகைத் திரையின் அளவுக்கு இறக்கினோம். முதல் இரண்டு நிமிஷம் ஏதோ புகைக்குள் பார்ப்பதுபோல இருந்தது. கண் பழகப் பழக, மண்டபம் மெல்ல விரிந்தது. காமிரா தூண் வரிசையை ஒட்டி நகர்ந்தது. முன்போல் தத்தாமல் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு போயின. என் மனத்தில் கார்பன் புகையின் நெடிகூட லேசாக வந்து போயிற்று.

பையன் சிறிது நேரம் மரியாதைக்காகப் பொறுமையாக இருந்தான். பிறகு ரிமோட்டை எடுத்துக்கொண்டு, "தத்தல் போய்விட்டது மாமா, வாஸ்தவம்தான், ஆனால் அந்த விளக்கு எரிகிற மாதிரியே இல்லையே!" என்றான்.